ஆரணியின் மூக்கும் மயூரியின் மூக்கும்

தாதி வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகு எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி மூக்கைப் பற்றியவைதான். கொட்டாஞ்சேனையில் ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போதும் யாராவது ஒரு தாய் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போவார். அவருக்குப் பின்னால் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளை ஒன்று கைத்தொலைபேசியோடு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும்.

"மிஸ்ஸி, நீங்க அந்த மூக்கு டொக்டரோட இருந்தவங்கதானே. இவள் ஒரே பிடியா நிக்கிறாள். செய்யிற அளவுக்கு அதில ஏதும் பிரயோசனம் இருக்கா?"

பிள்ளை உடனே தொலைபேசியை என்னிடம் நீட்டும். அதில் அதன் முகமே இருக்கும், மூக்கு மட்டும் பாதியாக மெலிந்திருக்கும். நான் வேலை செய்த காலத்தில் நடிகர்களின் படத்தைக் கொண்டுவருவார்கள். இப்போது தங்கள் படத்தையே திருத்திக் கொண்டுவருகிறார்கள். போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரி இளம் தாதிப் பிள்ளைகள் சிலர் என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கிளினிக்கில் இப்படி வருபவர்கள் கூடிவிட்டார்கள், என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை, நீங்கள் பார்த்ததை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். செய்யலாம், செய்யக்கூடாது என்று ஒரே சொல்லில் சொல்ல எனக்கு வராது. கண்டதைச் சொல்கிறேன்.

தாதிப் பயிற்சி முடிந்ததும் என்னைத் தீக்காய வார்ட்டில் போட்டார்கள். தோல் ஒட்டுவதையும், உதடு பிளந்து பிறந்த குழந்தைகளுக்குத் தைப்பதையும் அங்கேதான் பழகினேன். பிறகு கலியாணம், இரண்டு பிள்ளைகள், இரவு வேலை ஒத்துவராமல் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு மாறியது. அங்கே பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை செய்பவர் டொக்டர் நிஹால். அவருடைய கிளினிக்கையும் தியேட்டரையும் சேர்த்துப் பார்க்க ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் போய்ச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அந்த இடத்தை விடவில்லை.

டொக்டர் நிஹால் சிங்களவர். இளம் வயதில் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் சில வருடங்கள் வேலை செய்து அங்கே தமிழ் பழகியவர். வெள்ளவத்தையிலிருந்து வரும் யாழ்ப்பாணத்து ஆட்கள் ஆங்கிலத்தில் கதைக்க ஆயத்தமாகிக் கதவைத் திறப்பார்கள். அவர் கதிரையைக் காட்டி, "வாங்க கா, இருங்க கா" என்பார். அந்த மட்டக்களப்புக் "கா"வை அவர் வாயில் கேட்டுச் சிலர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவார்கள். அந்தச் சிரிப்பிலேயே பாதிப் பயம் போய்விடும். அது அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். இத்தனை வருடத்தில் அந்தக் "கா"வை அவர் திருத்திக்கொள்ளவேயில்லை.

அவர் மூக்கைப் பார்க்கும் முறையைச் சொல்ல வேண்டும். மேசைக்குப் பின்னால் இருக்க மாட்டார். சின்ன உருளும் ஸ்டூல் ஒன்றில், வந்தவரைவிடத் தாழ்வாக இருப்பார். முதலில் வேலை, வீடு, வந்த பஸ் என்று கதைப்பார். பிறகு பிடி வைத்த கண்ணாடி ஒன்றையும் பஞ்சு சுற்றிய குச்சி ஒன்றையும் கையில் கொடுப்பார். "எது உங்களுக்குப் பிடிக்கேல்ல? தொட்டுக் காட்டுங்க." அவ்வளவுதான் கேள்வி. சிலருடைய குச்சி நேராகப் போய் ஓரிடத்தைத் தொடும். சிலருடைய குச்சி மூக்கில் தொடங்கி, கன்னத்துக்குப் போய், நாடிக்கு இறங்கி, நெற்றிக்கு ஏறும். அப்படி அலைந்தால் டொக்டர் கண்ணாடியை மெல்ல வாங்கி வைத்துவிடுவார். "நீங்க மூக்குக்காக வரேல்ல மகள். வேற என்னவோ நடந்திருக்கு" என்பார். அழத் தொடங்குவார்கள். அதற்குப் பிறகு கதைக்க வேண்டியதெல்லாம் வேறு.

குச்சி ஓரிடத்தில் நின்றால், ஒரு துவாரத்தைப் பொத்தி மூச்சு விடச் சொல்வார், பிறகு மற்றதை. நான் நீலத் துணிக்கு முன்னால் இருத்திப் படம் எடுப்பேன். நேராக, இரண்டு பக்கமாக, கீழேயிருந்து. அதன் பிறகு அவர் பயமுறுத்தத் தொடங்குவார். வீக்கம் முழுக்க வற்ற ஒரு வருடம் எடுக்கும், மூக்கு நுனி மரத்துப் போயிருக்கும், சிலருக்கு இரண்டாம் தரமும் செய்ய வேண்டி வரும், மூச்சு விடுவது முன்னையதைவிடக் கஷ்டமாகவும் கூடும். எல்லாவற்றையும் ஆறுதலாகச் சொல்லி, "இப்ப வீட்ட போங்க. சில மாசம் கழிச்சும் இதே இடத்தைத்தான் தொட்டீங்கெண்டா வாங்க" என்று அனுப்பிவிடுவார். திரும்பி வராதவர்கள்தான் அதிகம். அதில் அவருக்கு ஒரு மனவருத்தமும் இல்லை.

ஒரு தரம் ஒரு பெண் வந்தாள். தன் மூக்கைப் பற்றி அவளுக்கு ஒரு குறையும் இல்லை, வரப்போகும் மாமியாருக்குத்தான் குறை. டொக்டர் குச்சியைத் திருப்பி எடுத்துக்கொண்டு, "அப்ப அவங்களைக் கூட்டிட்டு வாங்க. ஆருக்கு வருத்தமோ அவங்களுக்குத்தானே மருந்து" என்றார். அந்தப் பெண் போகும்போது லிப்ட் வரைக்கும் சிரித்துக்கொண்டு போனாள். அந்தக் கலியாணம் என்னவாயிற்று என்று எனக்குத் தெரியாது.

ஜிந்துப்பிட்டியிலிருந்து வந்த ராஜன் என்ற பொடியனையும் மறக்க முடியாது. செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் வேலைக்கு நின்றான். நடிகர் ஒருவரின் படத்தைப் பர்சில் வைத்திருந்தான். அதே மூக்கு வேண்டும். டொக்டர் படத்தை நன்றாகப் பார்த்து, அழகான மூக்குத்தான் என்று ஒப்புக்கொண்டு, அதைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு துவாரத்தைப் பொத்தி மூச்சு விடச் சொன்னார். இடது பக்கத்தில் காற்றே போகவில்லை. உள்ளே நடுச்சுவர் வளைந்து அடைத்துக்கொண்டு நின்றது. சின்ன வயதில் படியில் விழுந்திருக்கிறான். வாயால் மூச்சு விட்டே வளர்ந்தவனுக்கு அது குறை என்றே தெரியவில்லை. உள்ளே மட்டும் சரிசெய்வோம், வெளியே பிறகு பார்ப்போம் என்றார் டொக்டர்.

சிகிச்சை முடிந்து புண் ஆறிய பிறகு ராஜன் கிளினிக்குக்கு வந்தான். டொக்டரிடம் போக முதல் என்னிடம்தான் சொன்னான்.

"மிஸ்ஸி, எங்கம்மா வைக்கிற ரசத்துக்கு இவ்வளவு வாசம் இருக்குனு இப்பத்தான் தெரியுது. நேத்து மூணு தடவை ஊத்திக் குடிச்சேன். அம்மா என்னடா ஆச்சு உனக்குன்னு கேக்குறாங்க."

"வெளி மூக்கு எப்ப செய்யிறது?" என்று கேட்டேன்.

"அது கெடக்கட்டும் மிஸ்ஸி" என்றான்.

இப்படிக் கதைகளைச் சொன்னால், வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதுதான் நல்லது என்று நான் சொல்ல வருவதாக நினைப்பீர்கள். அதற்காகத்தான் ஆரணியின் கதையைச் சொல்ல வேண்டும். எங்களை அதிகம் யோசிக்க வைத்தது அவள்தான்.

ஆரணியும் மயூரியும் இரட்டைப் பிள்ளைகள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு மாடிவீட்டில் இருந்தார்கள். இருபத்துமூன்று வயது. தாய் இல்லை, சின்ன வயதிலேயே போய்விட்டார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தகப்பன் சிவநேசன்தான் இருவரையும் வளர்த்தவர். மூன்று பேரும் ஒன்றாகத்தான் கிளினிக்குக்கு வந்தார்கள். கதவு திறந்ததும் எனக்கு முதலில் தெரிந்தது மூன்று மூக்குகள். ஒரே மூக்கு மூன்று முகத்தில். நடுவே எலும்பு மேடு தட்டி, நுனி கீழே வளைந்த நீண்ட மூக்கு.

ஆரணி தமிழ் வானொலி ஒன்றில் காலை நிகழ்ச்சி செய்பவள். அவள் வாய் திறந்து "வணக்கம் டொக்டர்" என்றதும் எனக்குக் குரல் பிடிபட்டுவிட்டது. தினமும் சமையலறையில் கேட்கும் குரல். ஆளை அதுவரை கண்டதில்லை. மயூரி பாமன்கடையில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிப்பவள்.

டொக்டர் குச்சியைக் கொடுத்தார். ஆரணி கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் மூக்கின் மேட்டில் வைத்தாள். "இது மட்டும்தான். வேறொண்டும் வேண்டாம்."

"எப்ப இருந்து?"

"பன்னிரண்டு, பதின்மூண்டு வயசில இருந்து. நான் ஆரும் எனக்குப் பக்கத்தில இருக்கிற மாதிரி இருக்கிறதேயில்லை டொக்டர். எதிரிலதான் இருப்பன். படமெண்டால் நேராத்தான் நிப்பன். டிவியில செய்தி வாசிக்க ரெண்டு தரம் கேட்டவை. மாட்டனெண்டிட்டன்."

மயூரி பொறுக்கவில்லை. "இவள் மாத்தினா என்ர நிலைமை என்ன டொக்டர்? நாளைக்கு ரோட்டில போகேக்க ஆக்கள் இவளைப் பாத்திட்டு என்னைப் பாப்பினம். இது செய்ய முந்தி, அது செய்த பிறகு எண்டு. நான் விளம்பரத்தில வாற முதல் படமோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. டொக்டரும் சிரிக்கவில்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி. எங்களிடம் வந்த யாருக்கும் இப்படி ஒரு ஆள் கூடவே நடந்து திரிந்ததில்லை.

டொக்டர் ஸ்டூலை ஆரணியின் பக்கம் உருட்டினார். "உங்களுக்கு மட்டும் ஒரு வசதி இருக்கு மகள். மத்தவங்க கண்ணாடியில பாப்பாங்க. உங்கட மூக்கை நீங்க நேராவே பாக்கலாம். தங்கச்சிட முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. அது வடிவில்லையா?"

நான் அவருடைய யோசனையை விளங்கிக்கொண்டேன். தங்கச்சிக்கு வடிவாகத்தான் இருக்கிறது என்று அவள் சொல்வாள், அப்படியென்றால் உனக்கும் அப்படித்தான் என்று இவர் சொல்வார், எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள்.

ஆரணி தங்கச்சியின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். "உண்மையைச் சொல்லவோ?"

"அதுக்குத்தானே இருக்கிறோம்."

"இவளுக்கும் அது பெரிசுதான் டொக்டர்."

மயூரி திரும்பி அக்காவைப் பார்த்தாள். "இவ்வளவு காலமும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீயும் கண்ணாடி பாக்கத் தொடங்கியிருப்பாய்" என்றாள் ஆரணி. "நீ பாக்காமல் சந்தோசமா இருந்தாய். ஒராளாவது இருக்கட்டும் எண்டு விட்டனான்."

மயூரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எனக்கு இது பிடிக்கும். பெரிசெண்டாலும் பிடிக்கும்" என்றாள். "தெரியும்" என்றாள் ஆரணி. அதன் பிறகு மயூரி அக்காவை மறிக்கவில்லை.

டொக்டர் கதவடியில் இருந்த தகப்பனைப் பார்த்தார். "ஐயா என்ன சொல்றீங்க?"

சிவநேசன் ஐயா மடித்து வைத்திருந்த பேப்பரை இன்னொரு தரம் மடித்தார். "அவளின்ர முகம். அவளின்ர உழைப்பு. நான் சொல்ல என்ன இருக்கு." சொல்லிவிட்டுக் கைலேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்தார். சளி, தடிமன் ஒன்றும் இல்லை. லேஞ்சியை மூக்கிலிருந்து எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

பயமுறுத்தும் கட்டம் வந்தபோது டொக்டர் வழக்கத்தில் சொல்லாத ஒன்றையும் சொன்னார். "உங்கட தொழில் குரல். மூக்கும் குரலுக்கு ஒரு அறைதான். அநேகமா ஒண்டும் ஆகாது. ஒண்டுமே ஆகாதெண்டு மட்டும் நான் சொல்ல மாட்டன் கா." ஆரணியின் முகம் அப்போதுதான் வாடியது. அவர் இன்னும் ஒன்று சொன்னார். "இந்த மூக்கால செய்யாம விட்டதெல்லாத்தையும் இந்த மூக்கோட ஒருக்கா செய்து பாருங்க. பிறகு வாங்க."

அவள் திரும்பி வரமாட்டாள் என்று நான் நினைத்தேன். ஒருநாள் இரவு தொலைக்காட்சியைப் போட்டால் செய்தி வாசிப்பது ஆரணி. இடையில் இன்னொரு கமராவுக்குத் திரும்பும்போது பக்கவாட்டில் முழு மூக்கும் தெரிகிறது. அடுப்பில் வைத்த பாலை நான் மறந்து போனேன்.

சில வாரங்களில் கிளினிக்கில் வந்து நின்றாள். இந்தத் தரம் மயூரிதான் இலக்கம் எடுத்துக் கூட்டி வந்திருந்தாள்.

"பாத்தேன் கா" என்றார் டொக்டர். "நல்லா வாசிக்கிறீங்க. ஆரும் ஏதும் சொன்னாங்களா?"

"ஒரு ஆள் வீடியோவுக்குக் கீழ எழுதியிருந்தான், மூக்கு முதல் வருது, செய்தி பிறகு வருதெண்டு. பத்து வருசமா நான் பயந்துகொண்டிருந்த வசனம் அதுதான். வாசிச்சன். அண்டைக்கு ராவு நல்லா நித்திரை கொண்டன்."

"அப்ப ஏன் வந்தீங்க?"

"பயம் போயிட்டுது டொக்டர். ஆசை போகேல்லை."

குச்சியைத் தானே எடுத்து அதே இடத்தைத் தொட்டாள். குரலைப் பற்றிக் கேட்டார். மூன்று நாள் அதைப் பற்றித்தான் யோசித்ததாகவும், மாறினால் மாறின குரலோடு வேலை செய்யப் பழகுவேன் என்றும் சொன்னாள். டொக்டர் என்னைப் பார்த்துத் திரும்பினார். "திகதி போடுங்க மிஸ்ஸி." அவர் அவ்வளவு சந்தோசமாக ஒரு திகதி போடச் சொன்னதை நான் கண்டதில்லை.

அன்று காலை, மயக்க மருந்து கொடுக்க முதல், அவளை நேராக இருத்தி வைத்துப் பேனையால் கோடு போட்டார். படுத்தால் முகம் மாறிவிடும், அதனால் எப்போதும் இருத்தித்தான் கீறுவார். கோட்டைக் கண்ணாடியில் பார்த்த ஆரணி, "முழுக்கச் சீவ வேண்டாம் டொக்டர். கண்ணாடியில பாக்கேக்க நான் ஆரெண்டு எனக்குத் தெரிய வேணும்" என்றாள். அவர் கோட்டை அழித்துக் கொஞ்சம் மேலே போட்டார்.

மயங்கிய பிறகு மூக்கைச் சுற்றி ஊசி போட்டு, தோல் வெளுக்கும்வரை காத்திருந்தோம். அந்த நேரத்தில் அவர் வாய்க்குள் ஏதாவது பைலாப் பாட்டு முணுமுணுப்பார். இரண்டு துவாரங்களுக்கும் நடுவே உள்ள சின்னத் தூணில் கீறி, தோலை மெல்ல மேலே உயர்த்தினார். உள்ளே வெள்ளையாகக் குருத்தெலும்பு, அதற்கு மேல் எலும்பு மேடு. நான் அரத்தைக் கொடுத்தேன். இரண்டு மூன்று இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்துவார். தூளைக் கழுவி, தோலைத் திரும்ப மூடி, ஈர விரலால் தடவிப் பார்ப்பார். "மிஸ்ஸி, கால்மாட்டில போய் நிண்டு பாருங்க." நான் போய்ப் பார்ப்பேன். மயக்க மருந்து டொக்டரையும் பார்க்கச் சொல்வார், தள்ளுவண்டி தள்ளும் அட்டெண்டனையும் சொல்வார். பிறகு திரும்பவும் திறந்து இன்னும் கொஞ்சம். கடைசியில் சின்ன உளியும் சுத்தியலும். அந்தச் சத்தம் எனக்கு இத்தனை வருடத்திலும் பழகவில்லை. நுனியை ஒரு தையலால் சற்றே உயர்த்தி, தைத்து, மேலே தகடு வைத்து ஒட்டினார்.

வெளியே மயூரி பெட்டிஸ் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சாப்பிடவில்லை. டொக்டர் தகப்பனிடம் போய், "எல்லாம் நல்லம் ஐயா. உங்கட மூக்கை முழுசா எடுக்கேல்ல. அவவே கொஞ்சம் வைக்கச் சொன்னா" என்றார். சிவநேசன் ஐயா அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

தகடு எடுத்த நாளில் மூக்கு பலாக்கொட்டை மாதிரி வீங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே நீலம். டொக்டர் முதலே சொல்லியிருந்தார், அன்று தன்னை அவளுக்குப் பிடிக்காது என்று. ஆரணி கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "ஓம், பிடிக்கேல்லை" என்றாள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் எல்லாரும் திடுக்கிட்டோம். பானைக்குள் இருந்து கதைப்பது மாதிரி இருந்தது. உள்வீக்கம், வற்றிவிடும் என்று டொக்டர் சொன்னார். வாரங்கள் போயின. ஆரணி எனக்குத் தொலைபேசி எடுத்து, "மிஸ்ஸி, கேளுங்கோ, இண்டைக்கு எப்படி?" என்பாள். நான் நல்லம் என்பேன். உண்மையில் எனக்குப் பிடிபடவில்லை. தினமும் கேட்டால் எதுவும் மாறியது தெரியாது.

அவள் வேலைக்குத் திரும்பிய காலை எனக்கு வேலை. கொட்டாஞ்சேனையில் வீட்டுக்கு முன்னால் முச்சக்கரவண்டி பிடித்தேன். ட்ரைவர் தம்பியிடம் வானொலியை அந்த அலைவரிசைக்கு மாற்றச் சொல்ல வாயெடுத்தேன். அதுதான் ஏற்கனவே போய்க்கொண்டிருந்தது. பாட்டு முடிந்தது. "வணக்கம், ஆரணி கதைக்கிறேன்" என்று கேட்டது. நான் முன்னால் சாய்ந்து காதைக் கொடுத்தேன்.

ட்ரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இந்தப் புள்ள கொஞ்ச நாளா இல்ல மிஸ். லீவுல போயிருந்திச்சு போல. வந்திருச்சு" என்றார். வானொலியைக் கூட்டி வைத்தார்.

ஆர்மர் வீதிச் சந்தியில் வாகனம் நெருக்கிக்கொண்டு நிற்க, நான் பின்சீற்றில் இருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கிளினிக்குக்குப் போய் டொக்டரிடம் சொன்னேன். ட்ரைவரின் வாக்குமூலம் போதும், வேறு பரிசோதனை தேவையில்லை என்றார்.

ஒரு வருடம் முடிந்து கடைசிப் பார்வைக்கு மூவரும் வந்தார்கள். மூக்கு நன்றாக ஆறியிருந்தது. மேடு மெல்லிய வளைவாக இருந்தது, அவ்வளவுதான். தெரியாத ஆட்களுக்கு எதுவும் செய்ததாகவே தெரியாது. நீலத் துணிக்கு முன்னால் இருத்தினேன். நான் சொல்ல முதலே பக்கவாட்டில் திரும்பி இருந்தாள்.

"பிரயோசனமா மகள்?" என்று டொக்டர் கேட்டார்.

"ஓம் டொக்டர். உலகம் ஒண்டும் மாறேல்லை. எனக்கு அதைப் பற்றி நினைக்கிற நேரம் மிச்சம்."

டொக்டர் மயூரியைப் பார்த்தார். "உங்களுக்கு? ரோட்டில பாக்கிறாங்களா?"

"பாக்கினம்தான். பாத்தால் என்ன" என்றாள் மயூரி. "எனக்கும் லாபம் இருக்கு. முந்தி இவள் செய்யிற குழப்படிக்கெல்லாம் ஆக்கள் என்னைப் பிடிச்சு ஏசுவினம். இப்ப ஆள் தெரிஞ்சு ஏசுகினம்."

எல்லாரும் சிரித்து முடிய, கதவடியில் இருந்த சிவநேசன் ஐயா கதிரையை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார். மேசையில் இருந்த குச்சியை எடுத்தார். தன் மூக்கின் மேட்டில் வைத்தார்.

"டொக்டர், என்ர வயசுக்கும் இதைச் செய்யலாமோ?"

டொக்டர் வாயைத் திறக்க முதல் இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில், ஒரே குரலில், "வேண்டாம் அப்பா" என்றார்கள். ஆரணி எழும்பிப் போய் அவருடைய கையிலிருந்த குச்சியையே பறித்துவிட்டாள். "அதில ஆரும் கை வைக்க விடமாட்டன்."

"உனக்குப் பிடிக்காத மூக்கெல்லோ?" என்றார் ஐயா.

"எனக்கு என்ர மூக்கில பிடிக்கேல்லை. உங்கட மூக்கில எப்ப பிடிக்கேல்லை எண்டு சொன்னனான்?"

சிவநேசன் ஐயா டொக்டரைப் பார்த்து, என்ன செய்வது என்பது மாதிரிக் கையை விரித்தார். முகமெல்லாம் சிரிப்பு. டொக்டர் ஸ்டூலோடு பின்னால் உருண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொண்டு சிரித்தார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட வெளியே வந்தேன். சிரிப்பு அடங்காததால் அந்தப் பெயரை இரண்டு தரம் வாசிக்க வேண்டியிருந்தது.